இசைக்கருவிப் பகுப்பும் பறையும்: கொடிகாமத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தென்மராட்சியிலே கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் சந்திக்குமிடத்தில் அமைந்தது கொடிகாமம். தேங்காயும் மாவும் பலாவும் வந்து குவியும் சந்தையாலும் புகையிரத நிலையத்தாலும் அறியப்பட்ட ஊர். இசை வரலாறு பேசும் நூல்கள் இவ்வூரைத் தேடிச் செல்வதில்லை. ஆயினும், இசைக்கருவிகளைக் குடும்பங்களாகப் பகுப்பது பற்றி ஆராயப் புகுவோருக்குப் பெருநகரத்து அரும்பொருட்காட்சியகத்தினும் இத்தகைய ஊரொன்றே கூடிய பயன் தருவது. காட்சியகத்திலே கருவிகள் கண்ணாடிக்குப் பின்னால் ஊமையாய்க் கிடக்கின்றன. அங்கே அவற்றைத் தோலென்றும் நரம்பென்றும் பிரித்து அடுக்குவது எளிது. ஊரிலோ ஒவ்வொரு கருவியும் தனக்குரிய வேளையில், தனக்குரிய முற்றத்தில், தனக்குரிய மாந்தர் கையிலேயே ஒலிக்கின்றது. பகுப்பு நெறியொன்றின் வலிமையும் வறுமையும் அங்கேதான் வெளிப்படும்.

யாழ்ப்பாணத்து ஊர்கள் பலவற்றைப் போலவே இங்கும் கோயிற் கொடியேற்றத்தில் நாதசுரமும் தவிலும் தாளமும் கேட்கும். பூசை வேளையிலே மணியும் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். காத்தவராயன் கூத்துக்கு உடுக்கு. இசைநாடகத்துக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும். வில்லிசைக்கு வில்லும் குடமும். மரணவீட்டிலே பறை. வாடைக்காற்று வீசும் மார்கழி தை மாதங்களில் இரவு முழுவதும் வானத்தில் நின்று கூவும் பட்டத்து விண்ணையும் இவற்றோடு சேர்த்தல் வேண்டும். இவை அனைத்தையும் எத்தனை குடும்பங்களில் அடக்கலாம்?

இவ்வினாவுக்குச் சங்கீத பாடம் பயிலும் மாணவர் மனனஞ்செய்து வைத்திருக்கும் விடை நான்கு என்பது: தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி. ஐந்தாவதாக மிடற்றையும் சேர்த்தெண்ணும் வழக்கும் உண்டு. இந்நான்கும் பரதருடைய நாட்டியசாத்திரம் கூறும் அவநத்தம், சுஷிரம், ததம், கனம் என்பவற்றின் தமிழ் வடிவங்களே என்று ஆசிரியர் பலர் கூறி அப்பாற் செல்வர். அவ்வாறு அப்பாற் செல்லுதல் தகாது. இரண்டும் ஒன்றல்ல. பரதர் கையாளும் சொற்கள் ஒலிக்கும் பொருளின் நிலையைச் சுட்டுவன. ததம் என்பது விரித்துக் கட்டப்பட்டது, அவநத்தம் மூடிக் கட்டப்பட்டது, சுஷிரம் உள்ளே வெளியானது, கனம் திண்மையானது. நான்கும் ஒரே வினாவுக்கான நான்கு விடைகள். தமிழ்ப் பெயர்களோ அவ்வாறு அமையவில்லை. தோலும் நரம்பும் கஞ்சமும் செய்பொருளைச் சுட்ட, துளை மாத்திரம் வடிவத்தைச் சுட்டுகின்றது. தருக்க நூலார் இதனைக் குற்றமென்பர்.

குற்றம் பெயரளவிலே நின்றுவிடுமாயின் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது கருவிகளையும் பாதிக்கின்றது. கஞ்சம் என்பது வெண்கலம். தாளமும் சேமக்கலமும் மணியும் அங்கே இயல்பாக அடங்கும். பசனையிலே பயன்படும் சப்ளாக்கட்டை எங்கே அடங்கும்? அது மரம். கடம் எங்கே அடங்கும்? அது மண். வடமொழிப் பகுப்பிலே இரண்டும் கனம் என்னும் பெயரின் கீழ் எவ்விதத் தடையுமின்றி அமைகின்றன; தமிழ்ப் பகுப்பிலோ அவற்றை வெண்கலமென்று பாவனை செய்தே உள்ளே விடவேண்டியுள்ளது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த சுருக்கமா, அன்றி வெண்கல வார்ப்பிலே சிறந்திருந்த நாட்டின் இயல்பான தேர்வா என்பது வேறு ஆராய்ச்சி. கடத்தை வெண்கலக் கருவியென்று எழுதும் மாணவன் தன் காதை நம்பாது சொல்லை நம்புகின்றான் என்பதே இங்கு கருதத்தக்கது.

வில்லிசையின் வில் இன்னும் இடர் தருவது. சின்னமணி போன்ற கலைஞரால் யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த இக்கருவியிலே வளைந்த வில்லுக்கு நாண் பூட்டப்படுகின்றது. தமிழ்நாட்டின் தென்கோடி மரபிலே அந்த நாண் முறுக்கிய தோல். அது கோல்களால் அடிக்கப்படுகின்றது. வில்லிலே மணிகள் தொங்குகின்றன. வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின்மேல் இருத்தப்படுகின்றது. தோலால் ஆனமையின் தோற்கருவியா? நாணாக இழுத்துக் கட்டப்பட்டமையின் நரம்புக்கருவியா? மணிகளுக்காகக் கஞ்சக்கருவியா? ஓசையை வாங்கிப் பெருக்கும் குடத்துக்கோ குடும்பமே இல்லை. மேனாட்டுப் பகுப்பாளர் இசைவில்லை நரம்புக்கருவிகளின் தலைவாயிலிலே நிறுத்துவர். யாழும் வில்லிலிருந்தே தோன்றியது என்பது விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான யாழ்நூலிலே நிறுவ முயன்ற கருத்துக்களுள் ஒன்றாதலின், அது தமிழருக்குப் புதிதன்று. யாழின் பெயரைத் தாங்கி நிற்கும் குடாநாட்டில் யாழ் இல்லை. அதன் மூதாதையான வில் கோயில் முற்றங்களில் இன்னும் அடிவாங்கிக்கொண்டிருக்கின்றது.

மேனாட்டுப் பகுப்பு எனப்படுவதும் முற்றிலும் மேனாட்டதன்று. வங்காளத்துச் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இலே பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறத்தாழ நூறு இந்திய இசைக்கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். அவை பிரசெல்ஸ் இசைக்கல்லூரியின் காட்சியகத்தைச் சென்றடைந்தன. அக்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த விக்ரர் மஹியோன் 1880இல் வெளியிட்ட பட்டியலிலே கருவிகளை நான்காகப் பகுத்தார்: தாமே ஒலிப்பன, தோல் ஒலிப்பன, காற்று ஒலிப்பன, நரம்பு ஒலிப்பன. அதுவரை ஐரோப்பியர் தம் வாத்தியக் குழுக்களின் அமைப்பையொட்டி நரம்பு, ஊது, தட்டு என மூன்றாகவே பேசிவந்தனர். மஹியோனின் நான்கு இந்திய நான்கை அறிந்தே எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. எரிக் வொன் ஹோர்ன்பொஸ்ரல், கேர்ட் ஸாக்ஸ் என்னும் இருவர் 1914இலே இந்நான்கையும் விரிவாக்கி, நூலகங்களில் வழங்கும் டூயி தசம எண்முறையைப் பூட்டி, உலகத்துக் கருவிகள் யாவற்றுக்கும் எண்களாலான முகவரி வழங்கினர். மின்னாற் பிறக்கும் ஓசைக்கான ஐந்தாம் குடும்பம் பின்னர் 1930களின் இறுதியிலும் 1940இலும் சேர்ந்தது. இவ்வாறாக, பரதரின் பகுப்பு பிரசெல்ஸ் சென்று பெர்லின் வழியாக எண்ணுருவிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கு மீண்டுள்ளது. மீண்டு வந்தபோது அதனிடம் ஒரு நற்குணம் வளர்ந்திருந்தது: எந்தக் கருவியையும் அது உயர்ந்ததென்றோ தாழ்ந்ததென்றோ கூறுவதில்லை.

தமிழ் மரபிலே இந்நற்குணம் அரிது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை, தோற்கருவிகளின் பெயர்களை முப்பதுக்கு மேல் அடுக்கிக் காட்டுவது. உ.வே. சாமிநாதையர் 1892இலே பதிப்பித்த அவ்வுரை இல்லையேல் தகுணிச்சம், விரலேறு என்னும் பெயர்கள் எம்மிடம் வந்திருக்கமாட்டா. அதற்கான நன்றியை மறத்தலாகாது. ஆயினும் உரையாசிரியர் பெயர்களை அடுக்குவதோடு அமையாது அவற்றைத் தரம் பிரிக்கின்றார். அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழு. மத்தளமும் இடக்கையும் குடமுழவும் முதலியன அகமுழவு, அவை உத்தமம். தண்ணுமையும் தக்கையும் முதலியன மத்திமம். கணப்பறை முதலியன அதமம். எல்லாவற்றுக்கும் வெளியே, புறத்துக்கும் புறத்தே, நெய்தற்பறை.

இத்தரப்பாட்டிற்கு இசையியற் காரணம் ஒன்றும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. மத்தள இனத்துக் கருவிகளின் வலந்தலையிலே பூசப்படும் கரணை அத்தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்தி, நரம்பைப் போலச் சுருதி நிற்கச் செய்கின்றது. இதனைச் சி.வி. இராமன் 1920இலும் 1934இலும் எழுதிய கட்டுரைகளிலே அறிவியல் முறையில் நிறுவினார். சுருதியோடு இயையும் கருவியைப் பாட்டுக்கு அணுக்கமானது என்று கொண்டு அகம் எனலாம். அந்த அளவிலே அகமும் புறமும் செவியின் தீர்ப்புக்களே. ஆனால் பட்டியலிற் கீழிறங்கச் செல்லச் செவி ஒதுங்கிக்கொள்கின்றது. வேறொன்று தீர்ப்பு வழங்குகின்றது. வீரமுழவு என்றும் நாழிகைப்பறை என்றும் கருவி பயன்படும் தொழிலாற் பெயர் வருகின்றது. நெய்தற்பறையைப் புறப்புறத்தே தள்ளியது அதன் தோலோ கட்டோ சுருதியோ அன்று. அது ஒலித்த வீடு. நெய்தல் சாவீட்டின் பறை. புறநானூற்றிலே பக்குடுக்கை நன்கணியார் (194) சாவீட்டுப் பறையையும் மணவீட்டு முழவையும் ஒரே பாட்டில், ஒரே ஊரில், அருகருகே வைத்தார். உலகம் இத்தகையது என்பதே அவருக்குத் துயரம், கருவி இழிந்தது என்பதன்று. அவருக்கும் உரையாசிரியருக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளிலே சாவின் துயரம் கருவியின் இழிவாக மாறியுள்ளது.

இம்மாற்றத்தைச் சொல்லின் வரலாறும் காட்டும். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் யாழையும் சேர்த்துரைக்கின்றது. அங்கே பறை என்பது ஒரு கருவியன்று, ஒரு குடும்பம். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரையாளர் விரித்துக் காட்டுவர். தோலால் மூடிய கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக நின்ற சொல் அது. பிற்காலத்திலே தோற்கருவி என்னும் பெயர் வந்து அப்பொதுவிடத்தில் அமர்ந்துகொண்டது. பறை குடும்பத் தலைமையை இழந்து குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாயிற்று. குடும்பப் பெயரையே சுமந்த பிள்ளை வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கதை இது. பறைதல் என்னும் வினை மாத்திரம் தன் பழைய பொருளை விடவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே பறைதல் என்றால் இன்றும் பேசுதல்தான். பறை அடிப்பவரை ஒதுக்கிய வாய்களும் பறையாமல் இருந்ததில்லை.

கொடிகாமத்தார் கருவிகளை எவ்வாறு பகுக்கின்றனர் என்று நோக்குமிடத்து, நூல்களிலே காணாத ஒரு நெறி புலப்படும். அது மேளம் என்னும் சொல்லை நடுவாகக் கொண்டது. யாழ்ப்பாண வழக்கிலே அடைமொழியின்றி மேளம் என்றால் நாதசுரமும் தவிலும் தாளமும் சேர்ந்த குழு. கல்யாணத்துக்கு மேளம் பிடித்தாயிற்றா என்று வினவுவோர் தோற்கருவியொன்றை மாத்திரம் கருதுவதில்லை. ஊதுகருவியும் அடிகருவியும் வெண்கலமும் அங்கே ஒரே குடும்பம். முன்னாளிலே பெரியமேளம் இது. சதிராடும் மகளிர் குழு சின்னமேளம். மரணவீட்டிற்கு வருவது பறைமேளம். ஆக, ஊரார் பகுப்பின் முதற் கேள்வி கருவி எதனால் ஆனது என்பதன்று, எப்படி ஒலிக்கின்றது என்பதுமன்று; எந்த வீட்டுக்கு வருவது, யாருடன் வருவது என்பதே. மார்கரெட் கார்ட்டோமி என்னும் இசையாராய்ச்சியாளர் 1990இல் வெளியிட்ட நூலிலே ஒரு பண்பாட்டுக்குள்ளிருந்தே முகிழ்க்கும் பகுப்புக்களையும் வெளியிலிருந்து நோக்குவோர் வகுத்து இடும் பகுப்புக்களையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னையவற்றை மதிக்க வேண்டும் என்பது அவர் தந்த பாடம். நல்ல பாடமே. ஆனால் உள்ளிருந்து முகிழ்த்தது என்பதனாலேயே ஒரு பகுப்பு நேரியதாகிவிடாது. மங்கல மேளத்துக்கும் பறைமேளத்துக்கும் இடையே யாழ்ப்பாணம் இட்ட கோடு அடிப்பவரின் குடிக்கும் அடியாதவரின் குடிக்கும் இடையே இட்ட கோடு. கருவியின் குடும்பம் என்று இங்கு கூறப்படுவது மனிதரின் குடும்பமே.

இதே தீவிலே சிங்கள மரபு வேறுவிதமாகப் பகுத்துள்ளது. பஞ்சதூரிய என்னும் ஐவகைப் பகுப்பில் ஆதத, விதத, விததாதத என முதல் மூன்று. அதன்பின் கன, சுஷிர. பாளி உரை மரபின்படி முதலாவது ஒருமுகத்தில் தோல் மூடியது, இரண்டாவது இருமுகத்தில் மூடியது, மூன்றாவது எங்கும் தோலாற் பொதியப்பட்டு நரம்பு கட்டியது. பிற விளக்கங்கள் கையால் அடிப்பது, கோலால் அடிப்பது என அடிக்கும் முறையைக் கொள்ளும். எவ்வாறு கொள்ளினும் ஐந்திலே பெரும்பங்கு தோலுக்கே உரியதாகின்றது. நரம்புக்கெனத் தனியான இடம் தெளிவாக இல்லை. பெரயவும் தவுலவும் தம்மெட்டமவும் முழங்கும் விகாரை வழிபாட்டிலே வீணைக்கு என்ன வேலை? ஒவ்வொரு சமூகமும் தன் செவி நிறைந்த இடத்திலே கூடிய கிளைகளை விடுகின்றது. தமிழர் பகுப்பிலே இசையறிஞர் பெரிதும் ஆராய்ந்தது நரம்பினையே. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும் பின்னர் யாழ்நூலிலும் சுருதிக் கணக்கு நரம்பின்மேலேயே நடந்தது. தோல் கணக்குக்குள் வரவில்லை. தமிழர் தம் தொன்மையை நிறுவுவதற்கு யாழைத் தேடினார்களேயன்றிக் கையெட்டிய தூரத்தில் ஒலித்துக்கொண்டிருந்த பறையைத் தேடவில்லை.

விண் என்பதைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பகுப்பாளரைச் சோதிக்க இதனினும் சிறந்த கருவி குடாநாட்டில் இல்லை. வளைத்த தண்டொன்றிலே மெல்லிய நாரினைத் தட்டையாக இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையிற் பூட்டுவர். காற்று அந்நாரிலே மோதும்போது அது கூவும். இழுத்துக் கட்டியது ஆதலின் நரம்பு. காற்றினால் ஒலிப்பது ஆதலின் காற்றுக்கருவி. துளையோ அதற்கு இல்லை. ஹோர்ன்பொஸ்ரலும் ஸாக்ஸும் இழுத்துக் கட்டிய நாடாவின் விளிம்பிலே காற்று மோதி ஒலிப்பவற்றைக் காற்றுக்கருவிகளுள்ளே 412.14 என்னும் எண்ணில் வைத்தனர். அவ்வொலி பிறக்கும் விதம் இன்னும் தெளிவாகவில்லை என்ற ஐயத்தையும் அவ்விடத்தே எழுதிவைத்தனர். பகுப்பாளர்க்கு அழகு இது. தமிழ்ப் பகுப்போ துளை என்னும் சொல்லினாலே விண்ணுக்குக் கதவடைத்து விடுகின்றது. ஆர்மோனியமும் அவ்வாறே. அதன் ஓசை துளையிற் பிறப்பதன்று, உலோக நாக்குகளிற் பிறப்பது. வி.வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கேட்டு விடியும்வரை விழித்திருந்த யாழ்ப்பாணத்து மக்களின் நெஞ்சில் ஆர்மோனியத்துக்கு இடமிருந்தது. பகுப்பு நூலிலேதான் ஐயப்பாடு.

மின்மேளம் எனப்படுவது வேறொரு வகைச் சிக்கல். கோயில்கள் பலவற்றில் இன்று பூசை வேளையிலே மின்னோடி ஒன்று முரசையும் மணியையும் சேமக்கலத்தையும் ஒருங்கே அடிக்கின்றது. மின்னால் இயங்குவதால் இதனை மின்கருவி என்று எழுதிவிடுவோர் உளர். அது தவறு. ஒலிப்பது தோலும் வெண்கலமுமே. மின் அடிப்பவனின் கையைத்தான் பதிலிட்டது. குடும்பம் மாறவில்லை, குடும்பத்தை நடத்தியவன்தான் வெளியே போனான்.

இனிப் பறைக்கே வரலாம். எண்முறைப் பகுப்பை உயிரற்ற எண்களென்று இகழ்வோர் ஒருமுறை இக்கருவியின்மேல் அதனைப் பயன்படுத்திப் பார்த்தல் நன்று. தமிழ்நாட்டிலே பறை அல்லது தப்பு எனப்படுவது ஆழமற்ற மரவளையத்தின் ஒருமுகத்திலே தோல் ஒட்டியது. நெருப்பிற் காய்ச்சிச் சூடேற்றி, நீண்ட மெல்லிய குச்சியொன்றும் குறுகிய குச்சியொன்றும் கொண்டு அடிக்கப்படுவது. எண் 211.311, சட்டப்பறை இனம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பறை எனப்படுவதோ இருமுகங் கொண்டது, நீண்ட மரக்கூட்டினையுடையது, இடுப்பிற் கட்டித் தொங்கவிட்டு அடிப்பது. கூடு உருளையாயின் 211.21, நடுப்பருத்ததாயின் 211.22. இரண்டும் குழாய்ப்பறை இனம். தவில் எங்கே அமைகின்றது? பலாமரக் கூட்டின் இருமுகத்திலும் தோல் மூடி, ஒருபுறம் கூடுபோட்ட விரல்களாலும் மறுபுறம் கழியாலும் அடிக்கப்படும் அதுவும் 211.22இல், அதே குழாய்ப்பறை இனத்தில். எனவே கொடிகாமத்து மரணவீட்டுப் பறைக்குத் தமிழ்நாட்டுப் பறை தூரத்து உறவு. கோயில் வாசலில் ஒலிக்கும் தவிலே உடன்பிறப்பு. ஊரார் பகுப்பு எவற்றை ஒருபோதும் ஒரு பந்தியில் இருத்தாதோ அவற்றை எண்முறை ஒரே பாயில் இருத்துகின்றது.

இவ்வுறவைக் கூறுவது தவிலின் பெருமையைக் குறைப்பதன்று. 1975இலே மறைந்த தட்சிணாமூர்த்தியின் தவில் தமிழ்நாட்டுப் பெருவித்துவான்களையும் யாழ்ப்பாணத்தை நோக்கித் திரும்பச் செய்தது. அளவெட்டி பத்மநாதனும் தென்மராட்சியிலேயே சாவகச்சேரி பஞ்சாபிகேசனும் நாதசுரத்தால் அக்குழுவுக்கு அளித்த மதிப்பு யாவரும் அறிந்தது. அக்கலைஞரும் சமூகப் படிநிலையிலே தம் கலைக்கேற்ற இடத்தை எளிதிற் பெற்றவரல்லர். ஆயினும் அவர்களுக்குக் கச்சேரி மேடை கிடைத்தது; வானொலி கிடைத்தது; பட்டமும் பொன்னாடையும் கிடைத்தன. பறை அடிப்போருக்கு முற்றத்தின் ஓரம் கிடைத்தது.

1966 ஒக்டோபர் 21இலே சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின் பின் யாழ்ப்பாணத்திலே தீண்டாமைக்கெதிரான போராட்டங்கள் பரவின. தேநீர்க்கடைகளிலும், 1968இலே மாவிட்டபுரத்திலும், தென்மராட்சியில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலும் நுழைவுரிமை கோரப்பட்டது. அக்காலத்திலே பறையடித்தல் முதலிய குடிமைத் தொழில்களைச் செய்ய மறுத்தலும் போராட்டத்தின் ஒரு கூறாயிற்று. கலையார்வலர் சிலர் இதனை ஒரு மரபின் அழிவு என்று வருந்துவர். அவ்வருத்தம் முற்றிலும் பொய்யென்று கூறவேண்டியதில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுக்குமாறு கேட்கப்படுவோர் வருந்துவோர் அல்லர் என்பதும் நினைவிலிருத்தல் வேண்டும். புறப்புறமுழவு என்று எழுதியவர்க்குக் கை நோகவில்லை. அக்கருவியைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்தவர்க்கு அதனை இறக்கிவைப்பதே விடுதலையின் முதற்படியாயிருந்தது.

இதன் பின்னர் நிகழ்ந்தது விசித்திரமானது. மட்டக்களப்பிலே பறைமேளக் கூத்து சி. மௌனகுரு முதலியோரின் முயற்சியினால் பல்கலைக்கழக அரங்குக்கு வந்தது. அங்கே வந்தது அம்மண்ணின் இருமுகப் பறையே. அதனை அடித்தோரும் அக்கலையை வழிவழியாக அறிந்தோரே. ஆனால் தமிழ்நாட்டிலே தொண்ணூறுகளிலிருந்து எழுந்த பறை மறுமலர்ச்சியின் அலை கடல் கடந்தபோது வேறொன்று நடந்தது. பறை தமிழரின் ஆதிக்கருவி என்ற முழக்கத்தோடு புலம்பெயர்ந்தோர் விழாக்களிலும் ஈழத்து மேடைகளிலும் இன்று பெரும்பாலும் தோன்றுவது 211.311, தமிழ்நாட்டு வட்டப்பறை. இளைஞர் அதனை ஆர்வத்தோடு பயில்கின்றனர். அவ்வார்வத்தைக் குறைகூற யாதொரு நியாயமும் இல்லை. பறையென்று சொல்லக் கூசிய நாவுகள் பறையென்று பெருமையோடு சொல்லக் கற்றுள்ளன. அது சிறிய செய்தியன்று. ஆனால் இதனை யாழ்ப்பாணத்துப் பறையின் மீட்சி என்று சொல்லும்போது பகுப்பாளன் எழுந்து நிற்கவேண்டியுள்ளது. பெயர் மீண்டது, கருவி மீளவில்லை. இழிவு படியாத ஒரு பறை வெளியிலிருந்து வந்து, இழிவு படிந்த பறையின் பெயரை எடுத்துக்கொண்டது. இறக்குமதியான கருவிக்கு யாழ்ப்பாணத்திலே எந்த வீட்டு முற்றமும் ஞாபகமில்லை. ஆதலால் அதனை எவரும் தயக்கமின்றிக் கையில் எடுக்கலாம். அடியார்க்குநல்லாரின் புறப்புறம் இங்கு நீங்கவில்லை, இடம் பெயர்ந்துள்ளது.

போரும் இதிலே தன் பங்கை ஆற்றியது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்குள் வந்தனர். சாவகச்சேரியும் கொடிகாமமும் நிரம்பி வழிந்தன. 2000ஆம் ஆண்டுச் சண்டையிலே தென்மராட்சி மக்களே ஊரை விட்டு அகன்றனர். திருவிழாவும் செத்தவீடும் முறைப்படி நடக்காத ஆண்டுகளிலே கருவிகள் தம் வேளைகளை இழந்தன. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014இலே மீண்டும் கொடிகாமம் வழியாக யாழ்ப்பாணம் சென்றது. மேளக்குழுக்கள் கோயில்களுக்கு மீண்டன. பறை அவ்வளவு விரைவாக மீளவில்லை; பல மரணவீடுகளிலே ஒலிபெருக்கி அதன் இடத்தைப் பிடித்திருந்தது.

ஆகவே கருவியொன்றின் பெயரை எழுதுமிடத்து அதன் எண்ணையும் அதன் முற்றத்தையும் உடன் எழுதுதல் வேண்டும். எண் மாத்திரம் போதாது, 211.22 என்பது தவில் ஏன் வாசலின் உள்ளும் பறை ஏன் வாசலின் வெளியும் நின்றன என்பதைச் சொல்லாது. முற்றம் மாத்திரமும் போதாது. அது பழைய கோட்டை மீண்டும் கீறிவிடும். பறை என்ற ஒரே சொல்லின் கீழ் இன்று இரண்டு கருவிகள் உள்ளன. மேடையிலே நெருப்பிற் காய்ச்சப்படும் ஒருமுகப் பறை மாணவர்க்குப் பயிற்றப்படுகின்றது. முற்றத்திலே இடுப்பிற் கட்டி அடிக்கப்படும் இருமுகப் பறையை அதனை அடித்தோரின் பிள்ளைகள் கற்க விரும்புவதில்லை. அவர்கள் விரும்பாமைக்கான காரணம் அக்கருவியில் இல்லை.